பழைய ஓவியத்தின் நிறம் மங்குவதைத் தொடாமல் அளப்பது எப்படி? மட்டக்களப்பில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, படுவான்கரையில் ஒரு முருகன் கோவில். மூலஸ்தானத்துக்கு முன்னால் தொங்கும் பழைய திரைச்சீலையில் மயில் மேல் முருகன். எண்பது வயது தாண்டியவர்களைக் கேட்டால், தாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே அது பழைய சீலைதான் என்கிறார்கள். மயிலின் கழுத்து அந்தக் காலத்தில் நல்ல பச்சையாம். இப்போது பார்த்தால் நீலம். அவுரி நீலத்தோடு செடி மஞ்சள் ஒன்றைச் சேர்த்து அந்தப் பச்சையை உண்டாக்கியிருக்க வேண்டும். மஞ்சள் வெளிச்சத்தில் போய்விட்டது, நீலம் மிஞ்சியிருக்கிறது.

மிஞ்சியிருப்பதும் எந்த வேகத்தில் போகிறது என்று அறிய இரண்டு வருடம் முயன்றேன். முதல் நான்கு மாதப் பதிவுகளை அப்படியே எறிய வேண்டி வந்தது. நீங்கள் அந்த நான்கு மாதத்தை இழக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஆய்வுகூடம் வேண்டாம். கோவில் சீலை, தேவாலயப் படம், சாமி வாகனம், கூத்து உடுப்பு, வீட்டில் தொங்கும் பழைய படம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

1. எந்த நிறம் போகும், எது நிற்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

செங்காவி, மஞ்சள் காவி, விளக்குக் கரி மூன்றும் வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட அசையாதவை. செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுத்த நிறங்கள்தான் பெரும்பாலும் மங்கும். மஞ்சள் கிழங்கின் நிறம் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும். அரக்குச் சிவப்பு, மஞ்சிட்டிச் சிவப்பு, அவுரி நீலம் எல்லாம் அதற்குப் பின்னால் மெல்ல மெல்லப் போகும்.

சில நிறங்கள் மங்குவதற்குப் பதிலாகக் கறுக்கும். சாதிலிங்கம் என்ற பாதரசச் சிவப்பு வெளிச்சத்தில் கறுக்கக்கூடியது, உப்பில் உள்ள குளோரைட்டு அதற்குத் துணைபோகும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழும் நமக்கு இது முக்கியமான விசயம். ஈயச் செந்தூரமும் கறுக்கும். அரிதார மஞ்சள் வெளுத்துப்போகும். அதில் ஆர்செனிக் இருக்கிறது, அதனால் உதிர்ந்த தூளை ஊதவோ விரலால் துடைக்கவோ வேண்டாம். உங்கள் ஓவியத்தில் எது இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. சந்தேகத்தைச் சந்தேகமாகவே குறித்து வையுங்கள்.

2. மறைந்திருக்கும் ஓரத்தைத் தேடுங்கள்

பழைய நிறம் எப்படி இருந்தது என்பதை ஓவியமே எங்காவது ஒளித்து வைத்திருக்கும். சட்டகத்தின் அடி, சீலையின் மடிப்பு, வாகனத்தின் பீடம் மூடிய இடம் போன்றவற்றில் தேட வேண்டும். 1883இல் ரெனுவார் வரைந்த கிளாப்பிசோன் அம்மையாரின் படம் சிக்காகோ கலை நிறுவகத்தில் இருக்கிறது. அதன் பின்னணி முன்பு எவ்வளவு சிவப்பாக இருந்தது என்பது சட்டகத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தைப் பார்த்த பிறகே தெரியவந்தது. எங்கள் சீலையில் கோல் நுழைக்கும் மேல்மடிப்பு ஓரிடத்தில் தானாகவே சற்றுப் பிரிந்திருந்தது. உள்ளே இருந்த சிவப்பைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

தானாகத் திறந்திருப்பதை மட்டும் பாருங்கள். மடிப்பை நீங்கள் பிரிக்க வேண்டாம், ஐயரையும் பிரிக்கச் சொல்ல வேண்டாம். பழைய பருத்தித் துணி மடிப்பில்தான் கிழியும்.

3. அனுமதி: கோவில் முதலில், அலுவலகம் பிறகு

நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கோவிலின் சம்மதக் கடிதத்தோடு வரச் சொன்னார்கள். கோவிலுக்குப் போனால், அலுவலகக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். மூன்று கிழமை வீணாயிற்று. பொருள் கோவிலுடையது. ஆகவே கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் சபையிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தலைமை வண்ணக்கரை முதல் தடவை வெறுங்கையோடு போய்ப் பார்த்துப் பேசுங்கள். கமரா வேண்டாம். என்னிடம் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "படம் புடிச்சிட்டுப் போன ஆக்கள் எத்தனையோ பேர் தம்பி. திரும்பி வந்த ஆளெண்டு ஒருத்தரும் இல்ல."

கொண்டுபோக வேண்டிய தாள்கள் நான்கு. ஒன்று, என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிய கடிதம். இரண்டாவது, நீங்கள் மாணவரென்றால் துறைத் தலைவரின் கடிதம். மாணவரல்லாதவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கி, பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்து ஓர் அறிமுகக் கடிதம் கேட்கலாம். மூன்றாவது, தேசிய அடையாள அட்டைப் பிரதி. நான்காவது தாளை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் எனக்குக் கதவைத் திறந்தது அதுதான். செய்யமாட்டாதவற்றின் பட்டியல் அது. தொடமாட்டேன், நனைக்கமாட்டேன், ஒட்டமாட்டேன், ஒரு நூல்கூட எடுக்கமாட்டேன், சபை சம்மதிக்காத படத்தை வெளியிடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

பொருள் மிகப் பழையது என்று தோன்றினால் ஒரு விசயம் கவனியுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அந்தச் சந்தேகம் இருந்தாலோ, கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தாலோ, கமராவை எடுக்கும் முன் தொல்பொருளியல் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் கோவிலில் சபைக் கூட்டம் மாதம் ஒருமுறை. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு மாதம் போச்சு. அனுமதிக்கு மட்டும் இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

4. நாட்காட்டியை முன்னால் வையுங்கள்

கண்ணகி அம்மன் கோவில் என்றால் உங்கள் காலத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது. வைகாசிச் சடங்குக்குக் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி, மறுபடி அடைக்கும் வரைதான் வாய்ப்பு. அந்த நாட்களில் பூசை செய்யும் கப்புகனாருக்கோ கட்டாடியாருக்கோ உங்களோடு பேச நேரம் இருக்காது. மாசியிலேயே பேசி முடித்துவிடுங்கள். வருடம் முழுக்க இருட்டில் கிடப்பதால் அங்குள்ள பழைய துணிகளின் நிறம் நன்றாக நிற்க இடமுண்டு. பக்கத்து ஊரில் வருடம் முழுக்கத் தொங்கும் சீலையோடு ஒப்பிட அருமையான பொருள் அது.

மற்றக் கோவில்களில் முதல் பதிவை மாரியில் வைக்க வேண்டாம். ஐப்பசி முதல் தை வரை காற்றில் ஈரம் அதிகம், துணி ஈரம் குடித்தால் நிறம் ஆழமாகத் தெரியும். கச்சான் வீசும் மாதங்களில் தூசி படியும். மாசி, பங்குனி நல்ல காலம். எந்த மாதத்தில் தொடங்கினாலும் அடுத்த வருடம் அதே மாதத்தில்தான் ஒப்பிட வேண்டும்.

5. செலவு

நான் செலவழித்ததைச் சொல்கிறேன், டொலர் விலையோடு இது ஏறி இறங்கும். வெளிச்ச அளவுமானி 6,500 ரூபாய். முக்காலி 7,000. நீலக் கம்பளிப் பட்டை (அது என்னவென்று 7இல் சொல்கிறேன்) தபால் செலவோடு 9,000. பதிவுகளை வைக்க இரண்டு நினைவகங்கள் 5,000. எல்ஈடி விளக்கு இரண்டு, வாடகைக்கு ஓர் இரவுக்கு 2,500, வருடத்துக்கு நான்கு இரவு. ஆக மொத்தம் 37,500. கமராவும், படத்தின் நிறத்தைச் சரிபார்க்க உதவும் 24 நிறக் கட்டமுள்ள கலர்செக்கர் அட்டையும் கல்யாணப் படம் எடுக்கும் நண்பரிடம் இரவல். அந்த அட்டை புதிதாக வாங்கினால் விலை அதிகம். கேட்டுப் பாருங்கள், யாரிடமாவது இருக்கும்.

குருமண்வெளியிலிருந்து பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவையில்) வாவியைக் கடப்பவர்கள் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிக்கொள்ளுங்கள். அட்டையில் ஒரு துளி உப்புத் தண்ணீர் பட்டாலும் அந்தக் கட்டம் கெட்டதுதான்.

6. நிறத்துக்கு முன் வெளிச்சத்தை அளவுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறதென்றால், இதைச் செய்யுங்கள். ஓவியத்துக்குக் கிட்டவே போக வேண்டியதில்லை. எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம் என்ற இரண்டின் பெருக்கமே நிறத்தைத் தின்னும் அளவு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பதால் அதை லக்ஸ்-மணி என்பார்கள். மிக எளிதில் மங்கும் பொருட்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம், வருடத்துக்கு 15,000 லக்ஸ்-மணிக்குள் நிறுத்துங்கள் என்று சர்வதேச ஒளி ஆணைக்குழு 2004இல் பரிந்துரைத்தது.

அளவுமானியைச் சீலை பார்க்கும் திசையிலேயே, சீலைக்கு ஒரு சாண் முன்னால் பிடியுங்கள். மேலே பார்த்துப் பிடித்தால் தவறான எண் வரும். காலை 6 மணியிலிருந்து கோவில் பூட்டும் வரை மணிக்கு ஒரு தடவை எழுதுங்கள். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று நான்கு மாதம், மாதத்துக்கு இரண்டு நாள்.

இங்கேதான் நான் ஒன்றைத் தவறவிட்டேன். எங்கள் கோவில் கிழக்கு வாசல். மார்ச் 20ஐ ஒட்டியும் செப்டம்பர் 22ஐ ஒட்டியும் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும். அந்த நாட்களில் காலை வெயில் வாசல் வழியாக நேரே உள்ளே புகுந்து சீலையில் விழுகிறது. பக்தர்களுக்கு அது அருமையான காட்சி, சீலைக்கு அப்படியல்ல. மற்ற நாட்களில் அந்த இடத்தில் சராசரி 40 லக்ஸ்தான். 10 மணி நேரம், 350 நாள் என்றால் 1,40,000 லக்ஸ்-மணி. வெயில் விழும் நாட்களில் 20,000 லக்ஸ். நாளுக்கு 20 நிமிடம் என்று வருடத்தில் 15 நாள் போட்டாலே 1,00,000 வருகிறது. ஒரு வருடத்துச் சேதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்தப் பதினைந்து காலைகளில் நடக்கிறது.

இந்தக் கணக்கை வண்ணக்கரிடம் காட்டியபோது அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இப்போது அந்த நாட்களில் காலைப் பூசை முடியும் வரை முன்வாசலில் ஒரு வேட்டியைக் கட்டிவிடுகிறார்கள்.

கைப்பேசிச் செயலியால் வெளிச்சம் அளக்க வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு கைப்பேசிகள் இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

7. சீலைக்குப் பதிலாக மங்க ஒரு பட்டை

நீலக் கம்பளிப் பட்டை என்பது 1 முதல் 8 வரை எண்ணிட்ட எட்டு நீலத் துண்டுகள். 1 மிக விரைவில் மங்கும், அடுத்தடுத்தது முந்தியதைவிடச் சுமார் இரண்டு மூன்று மடங்கு தாங்கும். சுமார் 2 முதல் 3 இலட்சம் லக்ஸ்-மணியில் 1ஆம் துண்டில் கண்ணுக்கு மாற்றம் தெரியத் தொடங்கும். ஒரு வாரைக் கத்தரித்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, கெட்டி அட்டையில் வைத்து, சீலைக்குப் பக்கத்துத் தூணில் அதே உயரத்தில் அதே திசை பார்க்கத் தொங்கவிடுங்கள். சீலையில் மாட்டவே கூடாது. வருடம் முடிந்து தாளைத் திறந்தால், வெளிச்சம் செய்த வேலை இரண்டு பாதிகளுக்கும் இடையில் தெரியும்.

எனது முதல் பட்டை திருவிழாத் துப்புரவில் குப்பையோடு போய்விட்டது. அடுத்ததன் கீழே "கழற்ற வேண்டாம்" என்று எழுதித் தலைமை வண்ணக்கரின் பெயரைப் போட்டேன். அப்புறம் யாரும் தொடவில்லை.

8. படம் எடுத்தல்

மாலைப் பூசை முடிந்து இருட்டிய பிறகு எடுங்கள். பகலில் எடுத்தால் மேகம் ஒன்று போனாலே நிறம் மாறிவிடும். கோவில் மின்விளக்குகளை அணைத்துத் தரச் சொல்லுங்கள். எண்ணெய் விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள், உங்கள் விளக்கின் முன் அதன் வெளிச்சம் பொருட்டல்ல.

இரண்டு எல்ஈடி விளக்குகளை இரு பக்கமும் 45 பாகையில் வையுங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95க்கு மேல் இருக்க வேண்டும். ஹலோஜன் வேண்டாம், சூடு துணிக்கு ஆகாது. உங்கள் விளக்கு மட்டும் நிறத்தைக் கெடுக்காதா என்று கட்டாயம் கேட்பார்கள். 1,000 லக்ஸில் 15 நிமிடம் எடுத்தால் ஓர் இரவுக்கு 250 லக்ஸ்-மணி. வருடத்து 2,40,000இல் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த எண்ணை மனப்பாடம் செய்து போங்கள்.

கமராவில் எல்லாவற்றையும் கையால் நிலைநிறுத்துங்கள்: ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, வெண்சமநிலை ஒரே எண், கோப்பு ரோ வடிவில் (கமரா திருத்தாத மூலப் பதிவு). முக்காலி எந்தத் தூணிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், வில்லை எவ்வளவு உயரம், விளக்குகள் எங்கே என்று அளந்து எழுதுங்கள். தரையில் கோடு போட வேண்டாம். கலர்செக்கர் அட்டையைத் தனித் தாங்கியில் சீலைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், சீலையில் சாய்க்க வேண்டாம்.

கைப்பேசி இதற்கு உதவாது. அது நிறத்தை அழகாக்கித்தான் தரும், ஒவ்வொரு தடவையும் வேறு விதமாக. நல்ல கமராவில் எடுத்த படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமிக்காதீர்கள், சுருங்கிவிடும். மூலக்கோப்பை இரண்டு நினைவகங்களில் இரண்டு வீடுகளில் வையுங்கள்.

9. உங்கள் பிழையை முதலில் அளவுங்கள்

நான்காம் மாதம் சிவப்பு திடீரென்று மங்கிவிட்டதாக என் கணக்கில் வந்தது. பதறிக்கொண்டு வண்ணக்கரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போன கிழமை குழல்விளக்கைக் கழற்றி எல்ஈடி போட்டதைச் சொன்னார். நான் அதுவரை கோவில் வெளிச்சத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு மாதமும் அன்றோடு போயிற்று.

இதைத் தவிர்க்க, கோவிலுக்குப் போகும் முன் வீட்டில் பத்து இரவுகள் அதே அட்டையை அதே முறையில் எடுங்கள். ஒவ்வோர் இரவும் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி அமையுங்கள். ரோதெரப்பி, இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருட்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எல், ஏ, பி என்ற மூன்று எண்களை எடுக்கலாம். எல் வெளிச்ச அளவு. ஏ சிவப்பு-பச்சை. பி மஞ்சள்-நீலம். இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள மொத்த வித்தியாசத்தை டெல்டா ஈ என்பார்கள். பழகிய கண்ணுக்கு 1ஐ ஒட்டி, சாதாரணக் கண்ணுக்கு 2ஐ ஒட்டி வித்தியாசம் தெரியத் தொடங்கும். மாறாத அட்டையிலேயே எனக்கு 1.6 வந்தது. ஆகவே சீலையில் 3.2க்குக் குறைந்த எதையும் நான் மாற்றம் என்று எழுதுவதில்லை. உங்கள் எண் எவ்வளவோ, அதை இரண்டால் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. புள்ளிகளும் கணக்கும்

படத்தில் பன்னிரண்டு புள்ளிகளைத் தேர்ந்து எண்ணிடுங்கள். சீலையில் அல்ல, படத்தின் அச்சுப் பிரதியில். ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு மூன்று இடம். கட்டாயமாக ஒரு காவிப் புள்ளியும் ஒரு கரிப் புள்ளியும் வேண்டும். அவை மங்காதவை, எனவே அவைதான் உங்கள் சாட்சி. காவியும் மற்ற நிறங்களைப்போலவே மாறியிருந்தால், மாறியது உங்கள் விளக்கு அல்லது படிந்த புகை.

புகையைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நிறம் மங்கினால் பொதுவாக எல் ஏறும், ஏயும் பியும் பூச்சியத்தை நோக்கி வரும். கற்பூரப் புகையும் எண்ணெய்ப் புகையும் படிந்தால் எல் இறங்கும், பி மஞ்சள் பக்கம் போகும். மயிலின் கழுத்தைப் போலப் பச்சை நீலமானால் பி நீலப் பக்கம் வேகமாகச் சரியும்.

11. இவற்றைச் செய்ய வேண்டாம்

நனைத்த பஞ்சால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பார்க்கச் சொல்லும் ஆட்கள் வருவார்கள், விடாதீர்கள். எச்சில் தொட்டுத் துடைப்பதும் அதேதான். சாயக் கடைகளில் உள்ள நிறமானியை ஓவியத்தின் மேல் வைத்து அழுத்த வேண்டியிருக்கும், உதிரும் நிறத்துக்கு அது ஆகாது. மலிவான புற ஊதா டோர்ச்சுகள் பல 395 நனோமீற்றர். ஊதா வெளிச்சமே மிகுந்து எதையும் தெளிவாகக் காட்டாது. 365 வகை இருந்தால் சில விநாடி பார்க்கலாம், மஞ்சிட்டிச் சிவப்பு செம்மஞ்சளாக ஒளிர்வதுண்டு. கண்ணுக்குப் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அவசியம், நிமிடக் கணக்கில் அடிக்கக் கூடாது.

12. பெரிய கருவிகள் எப்போது?

ஒரு வருடப் பதிவு கையில் இருந்தால் பல்கலைக்கழக இரசாயனவியல், பௌதிகவியல் துறைகளிடம் பேசலாம். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி தொடாமலே மூலகங்களைக் காட்டும். பாதரசம் என்றால் சாதிலிங்கம், ஆர்செனிக் என்றால் அரிதாரம் என்று ஊகிக்கலாம். செடி நிறங்களை அது காட்டாது. நுண்மங்கல் சோதனை என்று ஒன்றும் இருக்கிறது, போல் விற்மோரும் கூட்டாளிகளும் 1999இல் வெளியிட்ட முறை. அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த புள்ளியில் கடும் ஒளி பாய்ச்சி, நிறம் மாறுவதை உடனுக்குடன் அளந்து, கண்ணுக்குத் தெரியும் முன் நிறுத்துவார்கள். அந்தச் சின்னப் புள்ளி உண்மையில் சற்று மங்கத்தான் செய்யும். ஆகவே பழகிய கை மட்டுமே செய்ய வேண்டியது, வீட்டில் அமைத்துப் பார்க்கக் கூடாதது.

13. திரும்பிப் போங்கள்

ஒவ்வொரு வருடப் பதிவையும் அச்செடுத்து இரண்டு பிரதி செய்யுங்கள். பன்னிரண்டு புள்ளிகளின் எண்கள், வெளிச்சக் கணக்கு, பட்டையின் படம், முக்காலி நின்ற அளவுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். நீங்கள் இல்லாவிட்டாலும் இன்னொருவர் அதே இடத்தில் முக்காலியை வைக்க முடிய வேண்டும். ஒரு பிரதி கோவில் அலுமாரிக்கு. சபைக் கூட்டத்தில் கையால் கொடுங்கள், பெற்றதாகக் கையெழுத்து வாங்குங்கள், அடுத்த தவணை நாளை அங்கேயே குறியுங்கள். எங்கள் அடுத்த நாள் பங்குனி முதல் கிழமை, மாலைப் பூசைக்குப் பிறகு. வாசலில் வேட்டி கட்டிய பிறகு எடுக்கும் முதல் பதிவு அது.